அருவியைக் குழாயில் அடைத்த ஊர்

செப்டம்பர் கடைசியில் ரியூக்கன் ஊரை விட்டுப் போகும் வெயில், திரும்பி வர மார்ச் மாதம் ஆகிவிடும். நார்வேயின் தெலெமார்க் வட்டாரத்தில், கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது இந்தச் சிற்றூர். தெற்கே 1,883 மீட்டர் உயரத்துக்கு கௌஸ்தாதொப்பன் மலை. குளிர்காலத்தில் தாழ்வாகவே நகரும் சூரியனால் அந்தப் பக்கத்து மலைவிளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்க முடிவதில்லை. வானம் நீலமாக இருக்கும், எதிர்மலையின் உச்சி பொன்னாய் மின்னும், ஊருக்குள் மட்டும் நாள் முழுக்க நிழல்.

ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும்போது ஒரே ஓர் இடம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தால், வடக்கு மலையில் ஏறக்குறைய 450 மீட்டர் உயரத்தில் மூன்று பெரிய கண்ணாடிகள். 2013இல் நிறுவியவை. கணினி சூரியனைத் தொடர்ந்து அவற்றைத் திருப்பிக்கொண்டே இருக்க, வெயில் பட்டுத் தெறித்துச் சதுக்கத்தில் விழுகிறது. அந்த வெளிச்சத் திட்டுக்குள் பெஞ்சைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தை மலைப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள் ஊர்க்காரர்கள்.

"எங்கட ஊரில வெயிலுக்குக் குடை பிடிப்பம். இஞ்ச வெயிலைப் பிடிக்கக் கண்ணாடி வச்சிருக்கினம், பாருங்கோ தம்பி" என்றார் அண்ணன். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஒஸ்லோவில் காலூன்றியவர். ஒஸ்லோவிலிருந்து காங்ஸ்பெர்க், நூட்டொடன் வழியாகப் பனிச்சாலையில் அவர்தான் காரோட்டிக்கொண்டு வந்தார். பள்ளி விடுமுறை என்பதால் அவருடைய மகளும் பின்சீட்டில் இருந்தாள்.

இந்தக் கண்ணாடிகளுக்கு வெகு முன்பே, 1928லேயே, இங்கே ஒரு கம்பிவட ஊர்தி வந்துவிட்டது. தொழிலாளர்கள் மலைமேல் ஏறிக் கொஞ்ச நேரமாவது வெயில் காயட்டும் என்று நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் ஊருக்குக் கொடுத்த பரிசு. இவ்வளவு பாடுபட்டு, வெயில் படாத ஒரு பள்ளத்தில் ஏன் ஊர் கட்ட வேண்டும்? அதற்கு விடை மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், இருந்தது. ரியூக்கன்ஃபோசன் என்ற 104 மீட்டர் அருவி.

நாங்கள் போய்ப் பார்த்தபோது அருவி இல்லை. கரும்பாறைச் சுவரும் அதில் படிந்த பனிப்பாளமும்தான். குளிரில் உறைந்துபோனதாக நினைக்க வேண்டாம், கோடையிலும் பெரும்பாலும் அப்படித்தான். மேலே மோஸ்வத்ன் ஏரியில் அணை கட்டி, மோனா ஆற்றை மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் திருப்பி, அருவியைக் குழாய்க்குள் அடைத்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

அந்தக் குழாய்கள் வந்து இறங்கிய இடம் வேமொர்க். ஆழமான பள்ளம் ஒன்றின் மேல் தொங்குபாலம். அதைக் கடந்து பனியில் கால் வழுக்க மேலே ஏறினால் கோட்டை மாதிரி ஒரு கருங்கல் கட்டடம். ஊலாஃப் நூர்ட்ஹாகன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1911இல் இந்த மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது 108 மெகாவாட் திறனோடு உலகிலேயே பெரியதாக இருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் அந்தப் பழைய ராட்சதக் குழாய்களின் தடம் செங்குத்தாக மேலே போகிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் அவற்றில் இறங்கி வந்து சுழலிகளை மோதியிருக்கிறது. இன்று நிலையம் அருங்காட்சியகம். நீண்ட கூடத்தில் பத்து மின்னாக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் பக்கத்தில் போய் நின்றேன். என் உயரம் அதில் பாதிக்கு வரவில்லை.

அத்தனை மின்சாரத்தையும் யார் வாங்கினார்கள்? வாங்க ஆள் இல்லை என்பதுதான் இந்த ஊர்க் கதையின் முடிச்சு. இவ்வளவு மின்சாரத்தை நகரங்களுக்குக் கொண்டுபோக அன்று வசதியும் இல்லை, அதைத் தின்று தீர்க்கும் அளவுக்கு நார்வேயில் நகரங்களும் இல்லை. சாம் ஐடெ என்ற பொறியாளர் தலைகீழாக யோசித்தார். மின்சாரத்தை அனுப்ப முடியாவிட்டால், அதை ஒரு பொருளாக்கி மூட்டையில் கட்டி அனுப்பலாமே! இயற்பியலாளர் கிறிஸ்டியான் பிர்க்கெலானுடன் சேர்ந்து, மின்வில்லின் கடுஞ்சூட்டில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் முறையை உருவாக்கினார். 1905இல் நோர்ஸ்க் ஹைட்ரோ பிறந்தது. அருவி உரமாகிக் கப்பலேறியது.

அந்த முறை மின்சாரத்தை அளவில்லாமல் குடித்தது. ஜெர்மானியர்களின் ஹாபர்–பாஷ் முறை அதைவிடச் சிக்கனம். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் நேரடியாகச் சேர்த்து அம்மோனியா செய்துவிடும். 1920களின் கடைசியில் ரியூக்கனும் அதற்கு மாறியது. ஆனால் ஹைட்ரஜன் வேண்டுமே. ஜெர்மானியர்கள் நிலக்கரியிலிருந்து எடுத்தார்கள். ரியூக்கனில் நிலக்கரி ஏது? இருந்தது தண்ணீரும் மின்சாரமும். ஆக, மின்சாரத்தால் தண்ணீரையே பிளந்துவிடுவது என்று முடிவாயிற்று. மின்நிலையத்துக்கு முன்னால், பள்ளத்தைப் பார்த்தபடி, பல மாடி உயரத்தில் ஒரு ஹைட்ரஜன் ஆலை 1929 வாக்கில் எழுந்தது. அப்படி ஒன்றை உலகம் அதுவரை பார்த்ததில்லை.

தண்ணீர் பிளக்கக்கூடிய பொருள் என்பதே அப்போது மனிதருக்குத் தெரிந்து ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. காலங்காலமாக நீரை மூலப்பொருள்களில் ஒன்றாகத்தான் எண்ணி வந்தார்கள். 1780களில் காவெண்டிஷும் லவாய்சியரும் அது இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்று காட்டினார்கள். 1789இல் ஆம்ஸ்டர்டாமில் பேட்ஸ் வான் ட்ரூஸ்ட்விக், டைமன் என்ற இருவர் மின்பொறியைத் தண்ணீருக்குள் பாய்ச்சி வாயுவாக உடைத்தார்கள். 1800இல் வோல்டா தன் மின்கல அடுக்கைப் பற்றி லண்டனுக்கு எழுதினார். செய்தி காதில் விழுந்த சில வாரங்களில் நிக்கல்சனும் கார்லைலும் அதே மாதிரி ஓர் அடுக்கைக் கட்டி, இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு, ஒன்றில் ஹைட்ரஜனும் மற்றதில் ஆக்சிஜனும் தனித்தனியே வருவதைப் பார்த்துவிட்டார்கள்.

அன்று இரவு, நாங்கள் தங்கிய மரவீட்டுச் சமையலறையில் நாங்களும் பார்த்தோம். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில்கள், ஊர்க் கடையில் வாங்கிய 9 வோல்ட் பேட்டரி. வெறும் தண்ணீரில் பென்சில் நுனிகளில் ஒன்றிரண்டு குமிழுக்கு மேல் வரவில்லை. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை லேசில் கடத்தாது. ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்ததும் தம்ளர் உயிர்பெற்றுவிட்டது. உப்பைப் போடலாமா என்று அண்ணன் கேட்டார். உப்புப் போட்டால் ஆக்சிஜனுக்குப் பதில் குளோரின் கிளம்பும், மூக்கு எரியும் என்றேன். எதிர்முனையோடு சேர்ந்த நுனியிலிருந்து பொடிக்குமிழ்கள் வெள்ளை நூல் மாதிரி விடாமல் ஏறின. நேர்முனைப் பக்கம் குமிழ்கள் கொஞ்சம் பெரிதாக, நுனியிலேயே ஒட்டி நின்று யோசித்துவிட்டு ஏறின.

"ஏன் சித்தப்பா இந்தப் பக்கம் மட்டும் கன குமிழ் வருது?" என்றாள் அண்ணன் மகள்.

"தண்ணியில ஒரு ஆக்சிஜனுக்கு ரெண்டு ஹைட்ரஜன். அதனால ஹைட்ரஜன் பக்கம் ரெண்டு மடங்கு வாயு."

"அப்ப இதைப் பத்தவச்சா?"

"மறுபடி தண்ணியாயிடும். ஆனா டமார்னு ஆகும்."

அந்த 'டமார்'தான் வேமொர்க் பொறியாளர்களுக்கும் கவலை. ஆலையின் கலங்களில் சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். பென்சிலுக்குப் பதில் உலோகத் தகடுகள். பிரிந்த இரண்டு வாயுக்களும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதற்காக நடுவில் ஒரு திரை. மின்சாரம் கடந்துபோகும், குமிழ் கடக்காது. தண்ணீரைப் பிளக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் ஏறக்குறைய 2 வோல்ட் கொடுத்தால்தான் வேகமாக வேலை நடக்கும். அந்த மிச்சம் சூடாகப் போய்விடும். பிரிந்த ஹைட்ரஜன் குழாய் வழியே பள்ளத்தாக்கில் இறங்கி ரியூக்கன் உர ஆலைக்குப் போயிற்று.

குமிழ் வரும் தம்ளரைப் பார்த்துக்கொண்டே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீரைப் பிளக்க வேண்டும். கூடவே 8 கிலோ ஆக்சிஜன் வரும். இன்றைய நல்ல இயந்திரத்திலேயே அதற்கு 50 யூனிட் மின்சாரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். அதாவது, ஒரு லிட்டர் தண்ணீரைப் பிளக்க ஐந்தரை யூனிட். 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு லிட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் தரும்? ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வகுத்துப் பார்த்தால், ஒரு லிட்டரைப் பிளப்பதற்கு ஏறக்குறைய 7,500 லிட்டர் தண்ணீர் அந்த மலையிலிருந்து விழ வேண்டும்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அருவி என்றால் நமக்கு அடங்காத பலம். குற்றாலத்தில் தலையைக் கொடுத்தவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட அருவி ஏழாயிரத்துச் சொச்சம் முறை ஓங்கி அடித்தால்தான் ஒரு பங்கு தண்ணீர் தன் கட்டை அவிழ்க்கிறது. தம்ளரில் சாதுவாக இருக்கும் தண்ணீருக்குள் இத்தனை பிடிவாதம்!

மறுநாள் வேமொர்க்கின் நிலவறைக்குள் இறங்கினோம். ஹைட்ரஜன் ஆலையை 1977இல் இடித்துவிட்டார்கள். இடிபாட்டுக்கு அடியில் புதைந்துபோன நிலவறையைத் தொல்லியலாளர்கள் 2017இல் தோண்டத் தொடங்கி மீட்டார்கள். கரடுமுரடான கான்கிரீட் சுவர், தாழ்ந்த கூரை, வீட்டுக் கூடம் அளவுக்கு ஓர் அறை. இரண்டாம் உலகப் போரின் பெரிய அச்சங்களில் ஒன்று இந்த அறையில் குடியிருந்தது என்றால் நம்பக் கடினம்.

எல்லா ஹைட்ரஜனும் ஒரே எடை அல்ல. ஏறக்குறைய 6,400 அணுக்களில் ஒன்று, இரு மடங்கு கனமானது. டியூட்டீரியம். 1931இல் இதைக் கண்டுபிடித்த ஹெரால்ட் யூரிக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. டியூட்டீரியத்தால் ஆன தண்ணீர்தான் கனநீர். சாதாரணத் தண்ணீரைவிட 11 சதவீதம் அடர்த்தி கூடியது, 3.8 டிகிரியிலேயே உறைந்துவிடும். அந்தக் கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மிதக்காமல் மூழ்கும். மின்சாரம் பாய்ச்சும்போது லேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வாயுவாகப் போய்விடும், கனமானது தயங்கிப் பின்தங்கும். பதநீர் காய்ச்சக் காய்ச்சச் சட்டியில் பாகு திரள்கிற மாதிரி, பிளக்கப் பிளக்க மீதித் தண்ணீரில் கனநீர் கூடிக்கொண்டே வரும்.

ட்ரோன்ட்ஹைம் பேராசிரியர் லெய்ஃப் ட்ரோன்ஸ்டாடும் வேமொர்க் பொறியாளர் யோமார் புரூனும் இந்த மிச்சத்தைச் சேகரிக்கலாம் என்று திட்டம் கொடுத்தார்கள். 1934இல் வேலை தொடங்கியது. கொஞ்சம்கூடச் சிந்தாமல் பிடித்தாலும் ஒரு லிட்டர் கனநீருக்கு 6,400 லிட்டர் தண்ணீரைப் பிளந்தாக வேண்டும். முதல்நாள் கணக்கோடு பெருக்கினால், மலையிலிருந்து நாலே முக்கால் கோடி லிட்டர் விழ வேண்டும். கனநீருக்காக மட்டும் இப்படிச் செலவழிக்க உலகில் எவரும் துணிய மாட்டார்கள். வேமொர்க் அதை உரத்துக்காக ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. கனநீர் அங்கே அடிவண்டல். அதனால்தான் கனநீரைத் தொழில் அளவில் தயாரித்த ஒரே இடமாக இந்தப் பள்ளத்தாக்கு இருந்தது. அணுகுண்டுக்கு வழி தேடுவதாக அஞ்சப்பட்ட ஜெர்மனியின் அணு ஆய்வுக்கும் அது தேவைப்பட்டது. 1940 மார்ச்சில், கையிருப்பு 185 கிலோவையும் 26 கலங்களில் பிரெஞ்சுக்காரர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தது.

ஆலையைத் தகர்க்க, 1942 நவம்பரில் பிரிட்டன் இரண்டு சறுக்கு விமானங்களில் வீரர்களை அனுப்பியது. இரண்டும் விழுந்து நொறுங்கின, 41 பேர் மாண்டார்கள். ஹர்டாங்கர்விட்டா பீடபூமியில் ஏற்கெனவே குதித்திருந்த நான்கு நார்வேக்காரர்கள், கடுங்குளிரில் பாசியையும் பனிமானையும் தின்று காத்திருந்தார்கள். 1943 பிப்ரவரி 27ஆம் தேதி இரவு அவர்களில் மூவர், புதிதாக வந்து சேர்ந்த தோழர்களோடு, காவல் இருந்த பாலத்தைத் தவிர்த்துவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கி, ஆற்றைக் கடந்து, எதிர்ச்சுவரில் ஏறினார்கள். பாலத்தின் நடுவில் நின்று அந்தச் சரிவை எட்டிப் பார்த்தேன். பகலில், காலணியில் முள் கட்டிக்கொண்டுகூட என்னை அதில் இறங்கச் சொன்னால் மாட்டேன்.

குழுவின் தலைவர் யோஆக்கிம் ரோன்னெபெர்க் கம்பிவடங்கள் போகும் குறுகிய வழியில் ஊர்ந்து நிலவறைக்குள் வந்தார். கனநீரைக் கடைசியாக வடித்தெடுக்கும் 18 கலங்களிலும் வெடி கட்டினார்கள். திரியை அரை நிமிடத்துக்கு வெட்டிக் குறைத்துக் கொளுத்திவிட்டு ஓடினார்கள். ஏறக்குறைய 500 கிலோ கனநீர் வடிகாலில் போயிற்று. ஒரு துப்பாக்கிகூடச் சுடவில்லை. மேல்மாடிகளில் நின்ற பெரிய ஹைட்ரஜன் கலங்களை அவர்கள் தொடவும் இல்லை.

"மேல இருந்ததுகளையும் உடைச்சிருக்கலாமே" என்றேன்.

"உடைச்சா ஊர்ச் சனத்தின்ர பிழைப்பு என்னாகிறது தம்பி? எடுக்க வேண்டியதை மட்டும் எடுத்திருக்கினம்" என்றார் அண்ணன். போர் பார்த்த ஊரிலிருந்து வந்தவர் சொன்னதால் அதற்குமேல் நான் பேசவில்லை.

கலங்களைச் சில மாதங்களில் ஜெர்மானியர்கள் சரிசெய்துவிட்டார்கள். 1943 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. ஊர்க்காரர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், நிலவறை தப்பித்தது. மீதிக் கனநீரை ஜெர்மனிக்கு ஏற்றிச் சென்ற 'ஹைட்ரோ' என்ற படகை 1944 பிப்ரவரி 20ஆம் தேதி டின்ஷோ ஏரியில் நார்வேக்காரர்களே வெடி வைத்து மூழ்கடித்தார்கள். கூட்டம் குறைவாக இருக்கும் என்று பார்த்து நடந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம். அப்படியும் 18 பேர் போய்ச் சேர்ந்தார்கள், பெரும்பாலும் அப்பாவி நார்வேக்காரர்கள். ரயில் பெட்டிகளைச் சுமந்த அதன் உடன்பிறப்பான 'அம்மோனியா' இன்றும் ஏரிக்கரையில் மேல் என்ற ஊரின் துறையில் கட்டிக் கிடக்கிறது. ஒஸ்லோவுக்குத் திரும்பும் வழியில் இறங்கிப் பார்த்தோம். படகுகளுக்கு வைத்த பெயரே ஊரின் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறது.

வேமொர்க்கை இறுதியில் மூடவைத்தது வெடியும் குண்டும் அல்ல, விலைப்பட்டியல். எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் ஹைட்ரஜன் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. 1971இல் பழைய நிலையம் நின்றது. அருவியின் மின்சாரத்துக்கு அதற்குள் கம்பி வழியே வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். இன்று மலைக்குள் புதைத்த புதிய நிலையம் அந்தத் தண்ணீரை வைத்து மின்சாரம் எடுத்து விற்கிறது. உலகின் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இப்போதும் வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. தண்ணீரைப் பிளந்து எடுப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்று மண்டலத்துக்குப் போகும் கரியைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தால் பழைய முறைக்கு மறுபடி கிராக்கி வந்திருக்கிறது. நோர்ஸ்க் ஹைட்ரோவின் உரத் தொழிலிலிருந்து பிரிந்த யாரா நிறுவனம், தெலெமார்க்கின் கடற்கரையில் ஹெரோயாவில், 24 மெகாவாட் மின்னாற்பகுப்பு ஆலையை 2024இல் திறந்தது. நூறாண்டு கழித்து அதே உரம், அதே தண்ணீர்.

இந்தியாவிலும் பக்ரா அணையின் மின்சாரத்தை நம்பி நங்கலில் இதே வழியில் ஹைட்ரஜனும், 1962 முதல் கனநீரும் எடுத்தார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகள் கனநீரில் ஓடும் வகை. இப்போது தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கு வைத்திருக்கிறது. ரியூக்கன் தாளிலேயே அதையும் போட்டுப் பார்த்தேன்: ஆண்டுக்கு 25,000 கோடி யூனிட். தண்ணீரில் கார் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாட்ஸப்பில் வருபவர்களும் சரி, பெரிய திட்டம் அறிவிப்பவர்களும் சரி, முதலில் சொல்ல வேண்டியது அந்த யூனிட்டுகள் எங்கிருந்து வரும் என்பதைத்தான். ஹைட்ரஜன் நிலத்தடியில் தோண்டி எடுக்கும் புதையல் மாதிரி வரவில்லை. நாம் போட்ட மின்சாரத்தைத்தான், அதுவும் வட்டி பிடித்துக்கொண்டு, திருப்பித் தருகிறது. வீட்டு விளக்குக்கும் பம்புசெட்டுக்கும் போக வேண்டிய மின்சாரத்தை எடுத்து அதற்குப் போடுவது வீண்வேலை.

ஆனால் சாம் ஐடெயின் கையில் இருந்ததைப் போல, வாங்க ஆளில்லாத மின்சாரம் நம்மிடமும் உண்டு. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது, மின்தொகுப்பு தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நாட்கள் இருக்கின்றன. நிறுத்துவதற்குப் பதில் அந்தச் சில வாரங்களில் தண்ணீரைப் பிளந்து, அம்மோனியாவாக்கி, தூத்துக்குடியில் கப்பலேற்றலாம். ரியூக்கன்காரர்கள் அருவியை வைத்துச் செய்ததும் இவ்வளவுதான்.